எவர் கணக்கில்?

கதைகளில் வரும் சில மனிதரை வாசிக்கும்போது, புத்தகத்துக்குள் கையை விட்டுத் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருக்கும். வீடு பற்றி எரியும்போது சுருட்டுக்கு நெருப்புக் கேட்டவன் என்பார்களே, அந்த இனத்தவர். எது முந்தி, எது பிந்தி என்ற வரிசை இவர்களிடம் கவிழ்ந்து கிடக்கும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், ஊடி எழுந்துபோன கோப்பெருந்தேவியைச் சமாதானம் செய்ய விரைகிறான். வழியில் பொற்கொல்லன் விழுந்து வணங்கி, களவுபோன சிலம்போடு கள்வன் அகப்பட்டதாகச் சொல்கிறான். நின்று ஒரு கேள்வி கேட்க அரசனுக்குப் பொழுதில்லை. ஓர் உயிரைவிட மனைவியின் முகக்கோணல் பெரிதாய்ப்பட்ட அந்த நொடிக்காக மதுரை எரிந்தது. தருமனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தம்பியரையும் ஈற்றில் பாஞ்சாலியையும் சூதில் வைத்த பிறகும் அவனை நாம் தருமன் என்றே அழைத்து வருகிறோம்.

ஆனால் இந்த இனத்தவர் எல்லோருமே எமக்குக் கோபமூட்டுவதில்லை. புதுமைப்பித்தன் 1943 இல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னைத் தெருவில் கடவுளே வந்து எதிரே நிற்கிறார். பிள்ளையோ அவரைத் தமது வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்குவதில் குறியாயிருக்கிறார். யாருடைய ஆயுள் என்ற சிக்கல் வேறு. முத்தியுமில்லை, வரமுமில்லை, சந்தா! (சிற்றிதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இந்தக் கதை முழுச் சிரிப்பைத் தராது. கடவுள் தபாற்செலவையும் சேர்த்துத் தருவாரா என்றுதான் நினைப்பு ஓடும்.)

மொன்றியலில், கோத்-தெ-நேஜ் பகுதியில், ஞாயிறு பின்னேரங்களில் கூடி வாசிக்கிற நாங்கள் ஏழெட்டுப் பேர். வந்து சேர்ந்த ஊரின் கதைகளையும் வாசிப்போம் என்று தொடங்கியபோது, இப்படி வரிசை கெட்ட இருவரை இங்கேயும் கண்டோம்.

முதலாமவர் கபிரியேல் றுவாவின் 'பொனேர் தொக்காசியோன்' நாவலில் வரும் அசாரியூஸ் லக்காஸ். எங்களில் சிலருக்கு இந்த நாவல் பிரெஞ்சு வகுப்பில் துண்டு துண்டாக அறிமுகமானது. 1945 இல் வெளிவந்து, 1947 இல் பிரான்சின் ஃபெமினா பரிசு பெற்ற நூல். லாசீன் கால்வாய்க்கு அருகே, ரயில் புகை படிந்த சென்-ஆன்றியில் இரண்டாம் உலகயுத்தத் தொடக்க காலத்தில் கதை நடக்கிறது. அசாரியூஸ் ஒரு தச்சர், பொருளாதார மந்தத்தில் தொழில் போனவர், கதைப்பதில் சூரர். வீட்டிலே பிள்ளைகளுக்குச் சப்பாத்தில்லை. மனைவி றோஸ்-ஆனா மீண்டும் பிள்ளைத்தாச்சி. இந்த நிலையில் முதலாளியின் லொறியைக் கேளாமல் எடுத்துக்கொண்டு, மேப்பிள் பாணி காய்ச்சும் காலத்தில் குடும்பத்தை மனைவியின் பிறந்த ஊருக்குக் கூட்டிப் போகிறார். வேலை போகிறது. நோய்ப்பட்ட சிறுவன் தானியேலை ஆங்கிலம் பேசும் ஆஸ்பத்திரியில் விடுகிறார்கள். பிள்ளையின் தாதியோடு ஒழுங்காகப் பேசத் தாய்க்கு மொழியில்லை. அந்தப் பக்கங்களை வாசித்தபோது எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த நகரத்தின் ஆஸ்பத்திரிக் கதிரைகளில், பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு இருந்து பார்த்தவர்களுக்கு அது கதையல்ல.

மற்றவன் மோர்டெக்காய் றிச்லரின் டடி கிராவிற்ஸ். 1959 இல் வந்த நாவல். சென்-உர்பான் வீதியின் ஏழை யூதக் குடும்பத்துப் பையன். காணியில்லாதவன் மனிதக் கணக்கிலேயே சேர்த்தியில்லை என்று பாட்டன் சிம்ஹா சொன்னதைச் சிறுவயதிலேயே நெஞ்சில் ஏற்றிக்கொள்கிறான். லோறன்ரியன் மலைப்பக்கத்தில் விடுதியொன்றில் வேலை செய்யும்போது ஓர் ஏரியைக் காண்கிறான். அதன் கரையெல்லாம் தனக்கே என்று முடிவு செய்கிறான். அதற்குப் பிறகு உறக்கமில்லை. பொய், புரட்டு, ஓட்டம். நேசிக்கிற பெண் இவெத்தின் பெயரிலேயே காணி எழுதப்படுகிறது. வலிப்பு நோயுள்ள நண்பன் விர்ஜில் அவனுக்காக வாகனம் ஓட்டி, விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து போகிறான். கடைசித் துண்டுக் காணிக்குக் காசு போதாதபோது, அந்த விர்ஜிலின் காசோலையில் கள்ளக் கையெழுத்து வைத்து டடி பணமெடுக்கிறான்.

டடியைத் திட்டுவது எளிது என்றுதான் நினைத்திருந்தோம். எங்களில் மூத்தவர், ஊரிலே படிப்பித்தவர், நாங்கள் மாஸ்ரர் என்று அழைப்பவர், ஒத்துக்கொள்ளவில்லை.

"உந்தப் பொடியனிலை என்ன பிழை? காணி வேணும் எண்டு நினைச்சது பிழையோ?"

மாஸ்ரர் சொன்னதற்கு ஒரு கனம் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர். காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது; உறுதி மட்டும் அவருடைய பெட்டிக்குள் மொன்றியல் வரை வந்தது. யுத்தம் 2009 இல் முடிந்த பிறகும் அப்பகுதிக் காணிகள் துண்டு துண்டாகவே விடப்பட்டன. வேலிக் கதியாலைச் சாணளவு தள்ளி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாய் வழக்காடியவர்கள் நாம். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையைப் புரட்டினால் சீதனம், முதுசொம், ஒற்றி என்று காணிப் பேச்சு ஓயாது. சிம்ஹாக் கிழவன் எமக்கு அந்நியனல்லன். பின்வளவில் எதுவும் சரியாய் விளையாத துண்டு நிலத்தைக் கொத்திக்கொண்டிருக்கும் அந்த முதியவரைக் கோடைகாலத்தில் பார்க் எக்ஸ்ரென்சனில் எத்தனை வீட்டுப் பின்புறங்களில் கண்டிருக்கிறோம். கத்தரிக்கன்று, மிளகாய்க்கன்று, பந்தலுக்கு ஒரு கயிறு.

சபனெல் வீதியில் வருசக்கணக்காய்த் தைத்த அக்கா ஒருவர்தான் மறுமொழி சொன்னார்.

"வாங்கினதிலை பிழையில்லை மாஸ்ரர். ஆற்றை காசிலை எண்டதுதான் கேள்வி."

அன்று பேச்சு அந்த இடத்திலேயே நின்று சுழன்றது. எமக்கும் அக்காவின் கேள்விதான் சரியெனப்படுகிறது. விமர்சகர்கள் பாத்திரத்தின் ஆசையைத்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள்: காணியா, காதலா, கலையா, பணமா என்று. செலவை எவர் கணக்கில் எழுதுகிறான் என்று பார்ப்பது குறைவு. கந்தசாமிப் பிள்ளையின் கிறுக்குக்குப் பணம் கட்டியவர் கடவுள். அவருக்குக் கட்டுப்படியாகும். ஆகவே சிரிக்கிறோம். பாண்டியனின் அவசரத்துக்குக் கோவலன் கட்டினான், கண்ணகி கட்டினாள். தருமனின் பகடைக்குப் பாஞ்சாலி. டடியின் ஏரிக்கு, எழுந்து நடக்கமாட்டாத ஒருவன்.

இந்த அளவுகோலும் அசாரியூசிடம் தடுமாறுகிறது. றோஸ்-ஆனாவும் அந்தப் பயணத்தை விரும்பினாள். பிள்ளைகளுக்குப் புறப்பட உடுப்பில்லையே என்று இருந்து தைத்தாள். அவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரு நல்ல நாள் கிடைத்ததாக நாவலில் இல்லை. சம்பளமா, அந்த ஒரு நாளா? சம்பளம்தான் என்று எங்களில் அரைவாசிப் பேர் சொன்னார்கள். அக்கா அந்தப் பக்கம் சேரவில்லை. "அந்த மனிசி ஒருநாள் தாய் வீட்டைப் பாத்திட்டு வரட்டுமன்" என்றார். பிறகு அசாரியூஸ் பட்டாளத்தில் சேருகிறார். குடும்பத்துக்குக் கொடுப்பனவு கிடைக்கும். யுத்தத்தால் பிழைத்தது ஒரு குடும்பம் என்பதை யுத்தத்தால் ஓடிவந்த நாங்கள் வாசிக்க நேர்ந்ததை என்னவென்று சொல்ல?

புத்தகத்தை விட்டுப் பேச்சு வீடுகளுக்கு வந்ததும் குரல்கள் தணிந்தன. எங்களுக்குத் தெரிந்த ஒருவர், ஊரில் ஆளில்லாத வீட்டுக்கு மதில் கட்டினார். முதலில் மூன்று பக்கம், பிறகு முன்பக்கம், பிறகு இரும்புக் கேற். காசு அனுப்பியது அவர் பெயரில்; இரவு வேலைக்குப் போனது மனைவி. மதில் முடிந்த படம் வந்தபோது பெருமையோடு எல்லோருக்கும் காட்டினார். மனைவி பக்கத்தில் நின்று, முற்றத்து மாமரம் எங்கே என்று மட்டும் கேட்டார். அத்திவாரத்துக்காகத் தறித்திருந்தார்கள். அவரை மோசமானவர் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கைக்குக் கல்லும் சீமெந்தும் தேவைப்பட்டிருக்கிறது.

றிச்லர் இதையெல்லாம் அறிந்தவர். சிம்ஹாவை ஏரிக்கரைக்குக் கூட்டிவந்து, பிடித்த துண்டைத் தெரிவு செய்யச் சொல்கிறான் டடி. இவெத் மூலம் நடந்ததை அறிந்திருந்த கிழவர் மறுத்துவிடுகிறார். தன் சொல்லே பேரனை இங்கே கொண்டுவந்தது என்பதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்கவேண்டும். கடைசியில், உணவகத்தில், டடியின் கையில் காசில்லை. பரிமாறுபவர் கணக்கில் எழுதிக்கொள்வதாகச் சொல்கிறார். கடன் கொடுக்கத்தக்க மனிதனாகிவிட்டோம் என்று டடி பூரித்துப் போகிறான்.

இந்த இடத்தை மாஸ்ரர் இரண்டு தரம் வாசித்தார். மற்ற ஞாயிறு மதில் கட்டியவரின் மனைவியையும் கூட்டி வருவதாக அக்கா சொன்னார். புத்தகத்தை மாஸ்ரர் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்.