நல்லூர் வளவில் ஒரு தணல் சமையல்

யாழ்ப்பாணம் என்றால் நண்டுக்கறி என்ற நினைப்போடுதான் திருச்சியிலிருந்து கிளம்பினேன். நல்லூரில் கொடி ஏறிவிட்டிருந்தது. கந்தனின் திருவிழா நடக்கும் 25 நாளும் நான் தங்கிய வீட்டில் மச்சம் அடுப்பேறாது என்றார்கள். முகம் வாடிப்போனது எனக்கு.

திருவிழாவுக்காக டொரொன்டோவிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பேத்தி பின்வளவு மாமரத்தடியில் கூடாரம் அடித்திருந்தாள். அங்கே காட்டில் தங்கும்போது செய்வதுபோல, காய்களை அலுமினியத் தாளில் பொதிந்து தணலில் வேகவைக்கப் போகிறாளாம். கத்தரிக்காய், வாழைக்காய், சின்ன வெங்காயம், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், மேலே புளிக்கரைசல்.

அம்மம்மா மறித்தார். “புளியும் உப்பும் பட்டா அந்தத் தாள் கரையும் பிள்ளை. வாழையிலையில கட்டு.”

“இலை எரிஞ்சு போயிடும் அம்மம்மா.”

இரண்டுமே உண்மை. புளிப்பும் உப்பும் சூட்டில் அலுமினியத்தை அரிக்கும்; வெறும் இலை தணலில் கருகிப் பிய்ந்துவிடும். பேச்சு முற்றி, பேத்தி கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மம்மா இலையை நெருப்பில் வாட்டினார். பச்சை இருண்டு, மினுங்கி, துணிபோல் மடிய வந்தது. உள்ளே இலை, வெளியே தாள் என்று மடித்துக் கட்டினார். சிரட்டை எரிந்து சுவாலை அடங்கியபின்தான் பொட்டலங்களை வைத்தார். பழகிய கை. கேட்டேன்.

“95இல இடம்பெயர்ந்து தென்மராட்சியில மரத்துக்குக் கீழதான் கிடந்தனாங்கள். மூண்டு கல்லு, ஒரு பானை. மழை வேற.”

1995 அக்டோபர் 30. போர் நெருங்கியதால் லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் வழியே நடந்தார்கள். படித்திருந்தேன். நடந்த ஒருவர் என் முன்னால் தணல் கிளறிக்கொண்டிருக்கையில் மேலே என்ன கேட்பதென்று தெரியவில்லை.

பேத்திதான் வெளியே வந்து கேட்டாள்: “டென்ட் இருந்ததா அம்மம்மா?”

“சீலையைக் கட்டினம்.”

அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். பொட்டலத்தைப் பிரித்தோம். கத்தரிக்காய் தொட்டதும் குழைந்தது. எங்கள் ஊர்க் காரம் நாக்கோடு நின்றுவிடும். இந்தத் தூளோ பெருஞ்சீரகமும் மிளகும் கருக வறுபட்ட மணத்தோடு தொண்டைவரை இறங்கியது. கூடவே வாட்டிய இலையின் வாசம். நண்டு நினைவுக்கே வரவில்லை.

நாளைக்குப் பிலாக்கொட்டை சுடலாமா, அதற்கும் இலை வேண்டுமா என்றாள் பேத்தி.

“தாளும் வேண்டாம், இலையும் வேண்டாம். ஒரு கீறல் போட்டுச் சாம்பலுக்குள்ள தாட்டாக் காணும். கீறாட்டி வெடிக்கும்.”