கொழுக்குமலைக்குப் புறப்படுமுன்

போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு நடந்தே ஏற விரும்புகிறீர்களா? ஏழாயிரம் அடிக்கு மேல், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த அந்தச் சிற்றூரின் குளிரும் மேகமும் உள்ளத்தை ஈர்ப்பவைதாம். ஆயினும் நாள் குறிக்குமுன் ஒன்றை நினைவில் இருத்துங்கள். 2018 மார்ச் 11 அன்று, அங்கிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ வளைத்தது. 23 உயிர்கள் பறிபோயின.

மழைக்குப் பின் பசுமையாய் நிற்கும் மலைப்புல், மாசிக்குள் சருகாகிவிடும். சிறு பொறியும் காற்றும் போதும். சரிவில் மேல்நோக்கி விரையும் தீயை மனிதக் கால்கள் வெல்லா. எனவே கோடையைத் தவிருங்கள். வழி திறந்துள்ளதா என வனத்துறையிடம் கேட்டு, அனுமதியும் வழிகாட்டியும் பெற்ற பின்னரே புறப்படுங்கள். குறுக்குவழி நாடாதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் வருந்த வேண்டா. மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். இல்லத்தார்க்கோ நீங்கள் நலமுடன் திரும்புவதே பெரிது.