சூளைக்குப் போனவளின் கட்டம்

ஆசிரியர் பயிற்றுநராக இருக்கும் நண்பர்தான் அந்தப் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். "பாடத்தை விடுங்க, சுவத்தைப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி அது. ஐந்து வகுப்புக்கும் இரண்டே அறைகள்.

சுவரின் அடியில் நீளக் கரும்பலகை. பாயில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கை எட்டும் உயரம். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர். செயல்வழிக் கற்றல் விட்டுப்போன சொத்து இது. ஆந்திரத்து ரிஷிவேலியில் பார்த்ததை வைத்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய முறை; 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. இப்போது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் காலம்.

ஒரு கட்டத்தில் பெயரும் ஓர் எண்ணும் மட்டும் இருந்தன. அதில் கிறுக்கப்போன சின்னப் பயலை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிடித்து இழுத்தாள்: "டேய், அது அவளோடது. சூளையிலேருந்து வந்தா அவ எங்க எழுதுவா?"

அந்த எண், பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போனவள் பாடத்தில் விட்டுப்போன படி. திரும்பி வந்தால் அங்கிருந்தே தொடங்குவாள். வாராவாரம் அந்தக் கட்டத்தைத் துடைத்துப் பெயரைப் புதுசாக எழுதுவது அவளுடைய ஜோடியின் வேலை.

தலைமையாசிரியையிடம் கேட்டேன். "நான் ரெண்டாவது படிக்கும்போது அப்பா அம்மாவோட கரும்பு வெட்டுக்குப் போயிட்டேன் சார். திரும்பி வந்தா என் எடத்துல வேற பொண்ணு. 'நீ யாரு?'ன்னு டீச்சர் கேட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு ஓடினவதான், அடுத்த வருஷம்தான் வந்தேன்." அவருடைய வகுப்பறை உத்தியெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

சண்டை போட்ட இருவருக்கு அவர் சமாதானம் பேசுவதில்லை. ஒருவரால் தூக்க முடியாத தண்ணீர் வாளியைக் காட்டுகிறார். குழாயடியிலிருந்து வகுப்புக்கு வருவதற்குள் இருவரும் நடையை ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கால் நனையும். காலை உணவுக்கும் ஒரு விதி: பக்கத்தில் இருப்பவர் தட்டில் உணவு விழுந்த பிறகே தன் தட்டில் கை வைக்க வேண்டும்.

ஆனால் வாளியும் விதியும், சூளைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியை நிறுத்துவதில்லை. மழை ஓய்ந்ததும் முன்பணத்தோடு வந்துவிடுகிறார். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆகவே வீட்டில் எத்தனை கை உண்டோ அத்தனையும் மண்ணில் இறங்கும். காயும் கல்லைப் புரட்டிப்போடப் பிள்ளைகளின் கை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. இரண்டையும் முன்பணம் தாண்டிவிடுகிறது. மேஸ்திரிக்குக் கமிஷன், சூளைக்காரருக்கு லாபம், நகரத்தில் நமக்கு வீடு. நாம் குடியேறும் வீட்டுச் சுவரில் ஒரு பிள்ளையின் பள்ளி நாட்களும் வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. வகுப்பறை ஒற்றுமை பற்றிப் பயிற்சி நடத்துகிறவர்கள் பாட்டும் விளையாட்டும் சொல்லித்தருகிறார்கள். முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிளம்பும்போது, பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம் சார். மேஸ்திரி வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல நூறு நாள் வேலையை ஒழுங்கா குடுக்கச் சொல்லி எழுதுங்க. மிச்சத்த பிள்ளைங்க பாத்துக்கும்" என்றார்.