கடல் கடந்த ஆலோசனை

மூளையிற் கட்டி தோன்றிய குழந்தையைக் காப்பதற்குச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் திறமை மட்டும் போதாது. மூளையின் படத்தை ஆராய்பவர், இழையத்தை நுணுக்குக்காட்டியிற் பரிசோதிப்பவர், கதிர்ச்சிகிச்சை அளிப்பவர் ஆகியோர் ஒருங்குகூடியே முடிவெடுத்தல் வேண்டும். சிகிச்சை பிழைப்பின் உயிர் போகலாம். உயிர் தப்பினும் பார்வையோ அறிவாற்றலோ குன்றலாம். ஆயின், இத்தகைய கூட்டறிவு வளர்முக நாடுகளில் அரிது.

ஜோர்தானின் தலைநகரான அம்மானிலுள்ள மன்னர் ஹுசைன் புற்றுநோய் நிலையம் இக்குறையைப் போக்க ஒரு வழி கண்டது. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலையுடன் 2004ஆம் ஆண்டிறுதியில் அது திரைவழிக் கலந்தாய்வைத் தொடங்கியது. முதற் கட்டத்தில் ஆராயப்பட்ட 64 நோயாளருள் 23 பேரின் சிகிச்சைத் திட்டத்திற் பெரும் மாற்றங்கள் விதந்துரைக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை அம்மானிலேயே நிறைவேற்றப்பட்டன.

இக்கடைசிச் செய்தியே சிந்தனைக்குரியது. படங்கள் கடல் கடந்து சென்றன. குழந்தைகள் பெற்றோரை விட்டுப் பிரியவில்லை. எனினும், சத்திரசிகிச்சைக் கூடமும் மருந்தும் பயின்ற தாதியரும் அம்மானில் இல்லாதிருப்பின், ரொறன்ரோவின் அறிவுரை வெறுஞ் சொல்லாகவே நின்றிருக்கும். தொலைமருத்துவம் உள்ளூர் வைத்தியசாலைக்குத் துணையேயன்றி அதற்கு மாற்றாகாது.