கற்பனை ஊரில் ஒரு தீ விபத்து

“ஜவுளிக்கடை ஒன்றில் தீ விபத்து. நீங்கள் ஒரு நாளிதழின் நிருபர். 150 சொற்களுக்குள் செய்தி எழுதுக.” திருச்சியில் ஒரு கல்லூரியின் ஆங்கிலத் துறையில் வேலை பார்க்கும் நான் வருஷா வருஷம் இன்டர்னல் வினாத்தாளில் வைத்த கேள்வி இது. கடைக்குப் பெயர் கிடையாது, ஊருக்கும் கிடையாது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மாணவர்களே இட்டுக்கட்டிக்கொள்ளலாம். தலைப்பு, ஊர், தேதி, முதல் பத்தியில் யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் இருந்துவிட்டால் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். நடக்காததை நடந்ததாக எழுதக் கூடாது என்பதுதான் செய்தித் தொழிலின் முதல் கட்டளை. அதை மீறச் சொல்லி, மீறியதற்குப் பரிசும் கொடுத்திருக்கிறேன்.

தீ என்றால் என்னவென்று அறியாத ஊரில் நான் இதைச் செய்யவில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில், மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். ஸ்ரீரங்கத்து வீதிகளிலிருந்தும், தஞ்சை போகும் வழியில் உள்ள ஊர்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்து, வராத தீயில் சாகாதவர்களை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

எப்படி இந்தப் பாடத்துக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது இலக்கியம். துறையில் பேப்பர்களைப் பங்கு பிரித்தபோது, மூத்தவர்கள் ஷேக்ஸ்பியரையும் கவிதையையும் எடுத்துக்கொள்ள, இதழியலும் அலுவலகக் கடிதமும் சேர்ந்த பேப்பர் புதிதாகச் சேர்ந்த எனக்கு வந்தது. ஒரு செய்திகூட நான் எழுதியவள் இல்லை. கற்றுக்கொண்டிருக்கலாம். 1939-இலிருந்து வானொலி நிலையம் இருக்கும் ஊர் இது. பெரிய தமிழ் நாளிதழ்கள் இங்கிருந்தே அச்சாகின்றன. 1942-இல் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், பத்திரிகையில் எழுதுகிறவர்களுக்கென்றே கையேடு எழுதி வைத்திருக்கிறார். ஒரு செய்தி அறைக்குள்ளும் நான் காலெடுத்து வைக்கவில்லை, அந்தக் கையேட்டைப் புரட்டவும் இல்லை. கைடு ஒன்றை வாங்கி நோட்ஸ் எடுத்தேன். அந்த நோட்ஸையே திரும்பத் திரும்பச் சொல்லி எழுதவைத்தேன்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடம் இரு கரையும் தொட்டு ஓடியது. திருவானைக்காவலையும் நெ.1 டோல்கேட்டையும் இணைத்த, 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அடுத்த சில நாளில், 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் அடுத்த இடி. ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டிய அணை அது. கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஊரில் வேறு பேச்சே இல்லை. எனக்கு அந்த வாரம் இன்டர்னல் தேர்வு. ஜவுளிக்கடைத் தீயைத்தான் கேட்டிருந்தேன்.

முக்கொம்புப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவன், பள்ளிப் படிப்பெல்லாம் தமிழ் வழி, தீயை விட்டுவிட்டு மதகு போனதை எழுதியிருந்தான். சத்தம் கேட்டுக் கரைக்கு ஓடியவர்கள் டார்ச் அடித்துப் பார்த்ததையும், என்ன உடைந்தது என்று முதலில் ஒருவருக்கும் விளங்காததையும், மறுநாள் மணல் மூட்டைகள் வந்து இறங்கியதையும் எழுதியிருந்தான். இனிக் காவிரியில் தண்ணீர் ஏறுமா, வாழை என்ன ஆகும் என்று அவன் அப்பா கேட்ட கேள்வியும் இருந்தது. தான் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து எழுதியிருந்தான். அதை நான் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆங்கிலம் தடுமாறியது, இறந்தகாலமும் நிகழ்காலமும் கலந்து கிடந்தன. பத்துக்கு மூன்று போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் ‘கேள்விக்குப் பொருத்தமில்லை’ என்று எழுதினேன்.

“மேம், இது நெஜமா நடந்தது மேம்” என்று வந்து நின்றான். சிலபஸில் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவனும் எல்லாரையும் போல எழுதிப் பாஸ் பண்ணினான்.

நான் பயந்தேன். அதுதான் உண்மை. முக்கொம்பை வகுப்புக்குள் விட்டால், ஆற்றில் எத்தனை கன அடி போனது என்பதை யாரிடம் கேட்பது, பொதுப்பணித் துறையில் எந்த அதிகாரி பதில் சொல்வார், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் எதை எழுதுவது என்று பிள்ளைகள் என்னைக் கேட்பார்கள். எனக்குத் தெரியாது என்பது வெளியே வந்துவிடும். கற்பனைத் தீயில் அந்த ஆபத்து இல்லை. அதில் சரி தப்பு சொல்ல நான் ஒருத்திதான். பிறகு அதே இடத்தில் 387 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் புதிய கதவணை கட்டினார்கள். ஒரு வகுப்பு முழுவதும் தொடர்ந்து போய்ப் பார்த்து எழுதக்கூடிய வேலை அது. ஒரு நாள்கூட நான் கூட்டிப் போகவில்லை.

எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர் என்று முதல் வகுப்பிலேயே பெருமையாகச் சொல்வேன். தான் வளர்ந்த தெருவை அவர் எப்படிப் பார்த்து எழுதினார் என்பதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், உங்கள் தெருவை எழுதுங்கள் என்று அடுத்து சொல்ல வேண்டியிருக்கும்.

2020–21-இல் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ‘புரொஃபஷனல் இங்கிலீஷ்’ வந்தது, 2022-இல் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தது. புத்தகங்கள் மாறின. நான் மாறவில்லை.

என் அப்பா இறந்தபின் பட்டா பெயர் மாற்றம் இழுத்துக்கொண்டே போனது. ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாளில், கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். மனுவை நானே இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வெளியே மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “என்ன வேணும்னு இதுல எங்கம்மா இருக்கு?” என்றார். எந்தக் கிராமம், சர்வே எண் என்ன, முதலில் எப்போது எழுதிக் கொடுத்தீர்கள், அதற்கு ரசீது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாரிசுச் சான்றை வாங்கிப் பார்த்தார். பொருள், பார்வை, நடந்தது ஒரு பத்தி, கேட்பது ஒரு வரி. முடித்துவிட்டார். கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதுவதற்கு முன் கேட்கிறார், கேட்டதற்குப் பதில் வரும்வரை எழுதுவதில்லை. என் வகுப்பில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு, என் கையில் இருக்கும் இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு, உண்மையான ஊர், உண்மையான ஆள், உண்மையான தேதி இல்லாத எதையும் வாங்குவதில்லை. தெருவிளக்குக்கு ஒருத்தி மனு எழுதினாள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, முப்பது நாள் காத்திருந்து, வந்த பதிலை வைத்து இன்னொருவன் செய்தி எழுதினான். தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதவும் விடுகிறேன்.

ஆனால் செமஸ்டர் வினாத்தாள் என் கையில் இல்லை. அதில் அந்தத் தீ இன்னும் வருகிறது. தேர்ச்சி விகிதம் குறைந்தால் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்பதால், கடைசி இரண்டு வாரம் பழைய நோட்ஸை எடுத்து, எத்தனை பேர் இறந்ததாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். பாடத்திட்டக் குழுவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை.