அப்பாவின் பதினைந்து நிமிடம்

எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு நாள்காட்டி தொங்குகிறது. கடந்த ஆண்டின் சில தாள்களில் கார்த்திகை, சஷ்டி என்று அச்சிட்டிருப்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் 15, 15, 20, 30 என்று எழுதியிருக்கும். அவை அப்பா இயந்திரத்தின் துணையின்றி மூச்சுவிட்ட நிமிடங்கள்.

ஈஜோக்கைத் தெரியாத தோழர்களுக்கு: கோல சிலாங்கூர் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. 2007 இடைத்தேர்தலின்போது நாடே எங்கள் ஊரைப் பற்றிப் பேசியது. அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டினார். கடந்த ஆண்டு வயிற்றுப்போக்கு வந்து தேறிய இரண்டாம் வாரத்தில் அவருக்குக் கால் மரத்தது. பிறகு கை. நான்காம் நாள் மூச்சு. கில்லன்-பாரே என்று மருத்துவர் சொன்னார். உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் நோய். 1916இல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்து எழுதியது. பலர் தேறிவிடுவார்கள், ஆனால் மாதக் கணக்காகும் என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தினார்கள். பல வாரங்களுக்குப் பிறகு, கையடக்கமான சுவாசக் கருவி, சளி உறிஞ்சும் கருவி, விரலில் மாட்டும் அளவுமானி, கையால் அழுத்தும் அம்பு பை ஆகியவற்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு பருவத்திற்குப் படிப்பை நிறுத்திவைத்தேன். அம்மாவும் நானும் குழாயைச் சுத்தம் செய்யத் தாதியரிடம் கற்றுக்கொண்டோம்.

இனி இயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். மருத்துவர்கள் அதை 'வீனிங்' என்கிறார்கள். பாட்டி அது என்னவென்று கேட்டார். விளக்கினேன். "பால் மறக்கடிக்கிறதுன்னு சொல்லேன்டா. அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்றார். அகராதியைப் பார்த்தால் பாட்டி சொன்னதுதான் சரி. அந்த ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளே அதுதான். மலாயிலும் 'செராய் சூசு' என்றே சொல்வார்கள். மார்பில் வேப்பெண்ணெய் தடவி அப்பாவுக்குப் பால் மறக்கடித்த கதையைப் பாட்டி அன்று சொன்னார். அப்பா படுத்தபடியே கண்ணால் சிரித்தார்.

ஆனால் இயந்திரத்திற்கு வேப்பெண்ணெய் தடவ முடியாது. நுரையீரலுக்குக் கீழே உள்ள உதரவிதானம் ஒரு தசை. வேலையில்லாவிட்டால் அது வியக்கத்தக்க வேகத்தில் மெலிந்துவிடும். 18 முதல் 69 மணி நேரம் இயந்திரமே முழுதாக மூச்சுவிட்டால் அதன் நார்கள் பாதிக்கும் மேல் சுருங்குகின்றன என்று 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்பா பல வாரங்கள் அப்படிக் கிடந்தவர். நரம்பு திரும்பினாலும் தசையைப் புதிதாகப் பழக்க வேண்டும்.

மருத்துவர் ஓர் அட்டவணை தந்தார். காய்ச்சல் இருக்கக் கூடாது. சாப்பிட்ட உடனே கூடாது. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். முதலில் ஒரு நாளுக்கு இருமுறை, 15 நிமிடம். மூச்சு நிமிடத்திற்கு 35ஐத் தாண்டினாலோ, உயிர்வளி அளவு 90க்குக் கீழே இறங்கினாலோ, வியர்த்தாலோ உடனே மாட்டிவிட வேண்டும். இரவில் கழற்றுவது கடைசியில்தான். தூக்கத்தில் மூச்சு ஆழம் குறையும்.

மூன்றாம் வாரத்தில் இரண்டு மணி நேரத்தை எட்டினோம். பல்கலைக்கழகம் திறக்க ஐந்து வாரமே இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று அட்டவணையில் இரண்டு மணி என்று இருந்தது. நான் மூன்று மணி ஆக்கினேன். மின்னல் பண்பலையில் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அப்பா அமைதியாக இருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கட்டில் கம்பியை விரலால் தட்டினார். "இன்னும் கொஞ்சம்பா" என்றேன். மறுபடி தட்டினார். மறுபடியும் அதையே சொன்னேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மாதான் குழாயை மாட்டினார். அளவுமானியில் 86. அப்பாவின் சட்டை நனைந்திருந்தது.

களைத்துப்போன மூச்சுத் தசை தேற ஒரு நாளுக்கும் மேல் ஆகுமாம். பயம் தேற அதற்கும் மேல். அடுத்த ஒன்பது நாளும் நான் குழாயருகே கையைக் கொண்டுபோனாலே அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாள்காட்டியில் ஒன்பது வெற்றுக் கட்டங்கள்.

அந்த நாள்களில்தான் கோபன்ஹேகன் கதையைப் படித்தேன். 1952இல் அங்கே இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சு நின்றவர்களுக்குப் போதிய இயந்திரம் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர், தொண்டைத் துளை வழியே கையால் பையை அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கையாண்டார். சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்து மாதக் கணக்கில் அழுத்தினார்கள். நம் வயதுக்காரர்கள்! நோயாளியின் முகத்தைப் பார்த்தே வேகத்தைக் கூட்டிக் குறைத்தார்களாம். அப்பாவின் கட்டிலில் தொங்கிய அம்பு பையும் அதே டென்மார்க்கில் 1956இல் விற்பனைக்கு வந்ததுதான். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்.

மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மணி அடிக்கிற உரிமையை அவரிடமே கொடுத்துவிடு" என்றார். பூசையறைக் கைமணியை நூலில் கட்டி அப்பாவின் விரலில் மாட்டினோம். அடித்தால் உடனே இயந்திரம், கேள்வி கிடையாது. முதல் நாள் நான்கு நிமிடத்தில் அடித்தார். மாட்டினேன். அன்றே இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பதுபோல் இரண்டு நிமிடத்தில் அடித்தார். மாட்டினேன். மறுநாள் பதினைந்து.

நான் அந்தப் பருவத்தையும் தவறவிட்டேன். பகல் முழுதும், பிறகு முன்னிரவு, பிறகு விடியும்வரை. அதற்குப் பின் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, கருவியை மருத்துவமனை திரும்ப எடுத்துக்கொண்டது. வேறொருவர் காத்திருந்தார்.

அன்றிரவு வீட்டில் இயந்திர ஓசை இல்லை. அம்மா கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி இருக்கும். அப்பா கையைத் தூக்கித் தொண்டைத் துளையை விரலால் மூடிக்கொண்டு, கரகரத்த குரலில் சொன்னார்:

"விளக்கை அணைச்சிட்டுப் போய்ப் படு."