உறைமேல் பெயரும் மடலுள் பெயரும்

இரும்பை மாகாளத் தேவாரப் பதிகத்தின் கடைசிப் பாடலான திருக்கடைக்காப்பில் ஞானசம்பந்தர் தம் பெயரை வைத்துப் பாடியிருப்பதால், பாடியவர் யாரெனத் தேட வேண்டிய தேவை ஓதுவாருக்கு இல்லை. மின்னஞ்சலிலோ பெயர் பல இடங்களில் நிற்கிறது. அவற்றுள் எதை நம்புவது என்பதே மடற்குழு மென்பொருளைப் பராமரிப்போரின் அன்றாடச் சிக்கல்.

ஒரு சேவையகம் மற்றொன்றிடம் மடலை ஒப்படைக்கும்போது சொல்லும் அனுப்புநர் முகவரி, கடித உறைமேல் எழுதிய அனுப்புநர் விலாசம் போன்றது. சேராத மடல் திரும்புவது அதற்கே. படிப்பவர் காண்பது மடலின் தலைப்பிலுள்ள 'ஃப்ரம்' வரி. எழுதியவருக்காக வேறொருவர் அனுப்பினால் அவரைக் குறிப்பது 'செண்டர்', பதில் போக வேண்டிய இடத்தைச் சொல்வது 'ரிப்ளை-டு'. 1982இல் வெளிவந்த ஆர்எஃப்சி 821, 822 ஆகிய இணையத் தரநிலை ஆவணங்கள் இவற்றை வகுத்தனவே தவிர, எழுதப்பட்ட பெயர் மெய்யா என்று சோதிக்க வழி எதையும் வைக்கவில்லை. மெயில்மேன் போன்ற மென்பொருள் இவ்வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஏதேனும் ஒன்று உறுப்பினர் பட்டியலில் இருந்தால் மடலை உறுப்பினருடையதாகக் கொள்கிறது. ஆகவே உண்மையான உறுப்பினர் அலுவலக முகவரியிலிருந்து எழுதினால் மடல் மட்டுறுத்துநரிடம் தேங்கிவிடும். உறுப்பினரின் முகவரியை அறிந்த அயலாரோ தடையின்றி நுழைந்துவிடலாம். மென்பொருள் அறிவது ஆளை அன்று, முகவரியை மட்டுமே.

இக்குறையைப் போக்க மூன்று ஏற்பாடுகள் வந்தன. ஒரு டொமைனின் பெயரால் அனுப்ப எந்தச் சேவையகங்களுக்கு உரிமை உண்டு என அறிவிப்பது எஸ்பிஎஃப். மடலின் உள்ளடக்கத்தின்மீது இடும் மறையீட்டு முத்திரை டிகேஐஎம். இவற்றுள் ஒன்றேனும் தேறி, அது 'ஃப்ரம்' வரியின் டொமைனோடு பொருந்த வேண்டும், இல்லையேல் என்ன செய்வது என்று அந்த டொமைனே அறிவிப்பது டிமார்க். மடற்குழுவோ மடலைத் தன் சேவையகத்திலிருந்து மறுபடி அனுப்புவதால் முதற்சோதனை பொருந்தாமல் போகிறது. பொருள் வரியில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்தால் முத்திரையும் உடைகிறது. 2014 ஏப்ரலில் யாகூ, தன் பெயரில் வந்து சோதனையில் தவறும் மடல்களை நிராகரிக்குமாறு அறிவித்தபோது, குழுக்களில் யாகூ உறுப்பினர் எழுதியவை பிற உறுப்பினரின் அஞ்சற்பெட்டிகளை எட்டாமல் திரும்பின. திரும்பிய மடல்களின் எண்ணிக்கையைக் கண்ட மென்பொருள், அவற்றைப் பெற வேண்டியிருந்த குற்றமற்ற உறுப்பினர்களின் சந்தாவையே நிறுத்தியதும் உண்டு.

அதன்பின் பல குழுக்கள் 'ஃப்ரம்' வரியில் குழுவின் முகவரியை இட்டு, எழுதியவர் பெயருக்குப் பின் 'வழியாக' என்று சேர்க்கலாயின. எழுதியவரின் பெயரைக் காக்க வந்த ஏற்பாடு அவருடைய முகவரியை அதற்குரிய வரியிலிருந்தே அகற்றியது விந்தைதான். அத்தகைய மடலுக்குப் பதில் எழுதுவோர், அது எழுதியவருக்குப் போகிறதா குழு முழுமைக்கும் போகிறதா என்பதைப் பெறுநர் வரியில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.